சந்தை விழும்போது முதுமைக்கு வைத்த காசு

பங்குச் சந்தை என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "குந்தியிருக்கக் காணி இல்லை, எங்களுக்கு என்ன பங்கும் சந்தையும்?" என்று 2022 ஆம் ஆண்டில் வானொலிச் செய்தியைக் கேட்டு நாமும் சிரித்தவர்கள்தாம். அவ்வாண்டு சித்திரையில் கொழும்புப் பங்குச் சந்தை ஒரு வாரம் முழுதாக மூடப்பட்டது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற எமக்கு அது யாரோ பணக்காரர் வீட்டுத் துக்கம் போலவே பட்டது.

எமது சிரிப்பை நிறுத்தியது ஒரு கடதாசி. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எமது பிள்ளைகளில் ஒருத்தி தனது ஊழியர் சேமலாப நிதியின் கணக்குக் கூற்றைக் கொண்டுவந்து, "இது எனக்குக் கடைசியில கிடைக்குமோ, இல்லாட்டி இப்பவே வேலையை விட்டிட்டு எடுக்கட்டோ?" என்று கேட்டாள். அவளுடைய தகப்பனார் வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். 1990 இல் அங்கிருந்து வெளிக்கிட்டவர். அப்பகுதிக் காணிகள் இன்றும் முழுதாக விடுபடவில்லை. அவருக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அந்த வீட்டில் முதுமைக்கென்று எழுத்தில் இருந்தது மகளின் அந்தக் கடதாசி ஒன்றுதான். அவளுக்கு அன்று எம்மால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பின்னர் பலரோடு கூடிப் பேசி நாம் கண்ட கருத்தையே இங்கு எழுதுகிறோம்.

அரச உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கமக்காரனுக்கு முன்னர் ஓய்வூதியமாக இருந்தவை அவனது காணி, கறவை மாடு, மனைவியின் கழுத்திலும் கையிலும் கிடந்த பவுண், பக்கத்து வளவில் குடியிருந்த பிள்ளைகள். இவற்றுள் எதுவும் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் இவற்றை நம்பித்தான் எமது பெற்றோர் வயோதிபத்தைக் கழித்தார்கள். இடப்பெயர்வு முதலில் தின்றது இவற்றைத்தான். 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கமக்காரருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. எனினும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தவணைப் பணத்தை ஒழுங்காகக் கட்டக்கூடியதாக எம்மில் எத்தனை பேர் இருந்தோம்? கட்டியவர்களும் பின்னர் அத்திட்டத்தில் நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்டதைக் கண்டார்கள். 2014 இல்தான் அது மீண்டும் தொடங்கியது.

ஆகவே, இன்று எமது குடும்பங்களின் முதுமைக்கான காசு பெரும்பாலும் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. இங்கு தனியார் துறையில் உழைப்பவர்களுக்குச் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் 8 வீதம் ஊழியரும் 12 வீதம் தொழில் கொள்வோரும் கட்ட வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் தொழில் கொள்வோர் கட்ட வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் உழைக்கும் பிள்ளைகளின் ஓய்வூதியக் காசிலும் ஒரு பகுதி அங்குள்ள பங்குச் சந்தைகளில் இடப்பட்டிருக்கிறது. 2008 இலும் 2020 பங்குனியிலும் உலகச் சந்தைகள் விழுந்தபோது அவர்களது கணக்குகளும் சுருங்கின. அப்பொழுது இங்கு வரும் உண்டியல் காசும் மெலிந்துபோகும் என்று நாம் பயந்தோம். சந்தை எமக்குத் தூரத்து உறவு என்று சொல்லிவிட முடியாது.

சரி, 2022 இல் நடந்தது என்ன? தை மாதத்தில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த கொழும்புப் பங்கு விலைச் சுட்டெண் சில மாதங்களில் 8,000 இற்கும் கீழே போயிற்று. சித்திரை 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என அரசு அறிவித்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360 ரூபாவுக்கு ஏறியது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களை 2022 செப்டெம்பரில் வாங்க ஏறத்தாழ 170 ரூபா வேண்டியிருந்தது. சாப்பாட்டுச் சாமான்களுக்கோ 195 ரூபா வரை வேண்டியிருந்தது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். முன்னைய ஆண்டில் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததால் வயலில் பட்ட அடி வேறு.

இங்கே இரண்டு விதமான நட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பங்கு விலை விழுவது கண்ணுக்குத் தெரியும் நட்டம். வங்கிப் புத்தகத்தில் இலக்கம் கூடியபடியே இருக்க, அதனால் வாங்கக்கூடிய அரிசி குறைந்துகொண்டு போவது கண்ணுக்குத் தெரியாத நட்டம். முதலாவதுக்குப் பயந்து எல்லாக் காசையும் வங்கியில் போட்டவர் இரண்டாவதிடம் அகப்படுவார்.

சந்தை விழுவது என்றால் என்ன என்று எமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் நகர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அன்று சயிக்கிள் வைத்திருந்தவன் ராசா. கறவை மாட்டை வாங்க ஆளில்லை. அவிழ்த்துவிட்டு வந்தோம். பின்னர் தென்மராட்சியிலும் வன்னியிலும் பால் மாவுக்காகக் காப்பை விற்கப் போனபோது, எல்லோரும் காப்போடு வந்து நின்றார்கள். வாங்குகிறவன் சொன்னதே விலை. பவுண் அதே பவுண்தான். அது கெட்டுப்போகவில்லை. விற்க வேண்டிய நாள்தான் எமக்குக் கெட்ட நாளாக இருந்தது. அறுவடைக் களத்திலேயே கடன்காரனுக்கு நெல்லை அளந்து கொடுப்பவனுக்கும், நாலு மாதம் மூடையைக் கட்டி வைத்திருக்கக் கூடியவனுக்கும் இடையில் உள்ள வித்தியாசமும் இதுவே.

பங்குச் சந்தையிலும் இதே கணக்குத்தான். ஒருவர் முதுமைக்கென்று ஓர் இலட்சம் ரூபாவைப் பல கம்பனிப் பங்குகளில் வைத்திருந்தார் என்று கொள்வோம். சந்தை விழுந்து அது 60,000 ஆயிற்று. வீட்டில் அரிசி இல்லை. 20,000 ரூபாவுக்குப் பங்குகளை விற்றார். மிஞ்சியது 40,000. சில ஆண்டுகளில் சந்தை பழைய இடத்துக்கு வந்தது. விற்காதவரிடம் மீண்டும் ஓர் இலட்சம் இருந்தது. இவரிடம் இருந்ததோ 66,000 சொச்சம். அன்று 20,000 ரூபாவுக்கு வாங்கிய அரிசிக்கு அவர் உண்மையில் கொடுத்த விலை 33,000 ரூபாவுக்கு மேல். கொழும்பிலும் இப்படித்தான் நடந்தது. 2024 முடியும்போது சுட்டெண் 15,000 ஐத் தாண்டி நின்றது. பொறுத்திருந்தவர் தப்பினார். பொறுத்திருக்க வழியில்லாதவர் தப்பவில்லை. (சுட்டெண் என்பது பல கம்பனிகளின் கூட்டு விலை. தனி ஒரு கம்பனி விழுந்தால் எழும்பாமலே போகலாம். "இந்தப் பங்கை வாங்குங்கோ" என்று காதுக்குள் சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.)

எனவே "பொறுமையாக இருங்கள்" என்ற உபதேசம் மட்டும் போதாது என்பதே எமது கருத்து. பொறுமை குணத்தால் மட்டும் வருவதில்லை. கையில் உள்ள அரிசியாலும் வருகிறது. முதுமைக்கு வைத்த காசைக் காப்பதற்கு முதல் வேலை, எந்தப் பொருளை வாங்குவது என்று தேடுவதல்ல. எந்தக் காசு எப்போது தேவை என்று காலத்தால் பிரிப்பதே. விதைநெல்லையும் சோற்று நெல்லையும் ஒரே மூடையில் நாம் போடுவதில்லையே.

அறுபதைத் தாண்டியவர் அல்லது தாண்டப் போகிறவர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேண்டிய சாப்பாட்டுக்கும் மருந்துக்குமான காசை, விலை ஏறி இறங்கும் எதிலும் போடக் கூடாது. அது வங்கியில் வைப்பாக இருக்கட்டும். அதையும் ஒரே நாளில் முதிரும்படி போட வேண்டாம். வெங்காயம் நடும்போது எல்லாத் தறையையும் ஒரே நாளில் நடாமல், விலை பார்த்து இடைவெளி விட்டு நடுகிறவர்கள் நாம். வைப்பையும் மூன்று நாலாகப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போடலாம். 2022 இல் வட்டி 20 வீதத்துக்கு மேல் ஏறியபோது, அதற்குச் சற்று முன்னர் முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டியில் கட்டி வைத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். பிரித்துப் போட்டவர்களுக்கு ஒரு பகுதியாவது அந்த வட்டிக்குப் போயிற்று.

பத்து இருபது ஆண்டுகள் தொடத் தேவையில்லாத காசு வேறு. அது விழுந்தால் எழும்பக் காலம் இருக்கிறது. அந்தக் காசை விழுந்த நாளில் அவிழ்ப்பதுதான் பெரும் பிழை.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். சேமலாப நிதியின் மிகப் பெரும் பகுதி அரசின் திறைசேரி முறிகளில் இருக்கிறது. பங்குகளில் இருப்பது சிறு பகுதியே. ஆகவே பங்குச் சந்தை விழுந்ததற்காக அதை எடுக்க ஓட வேண்டியதில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். கலியாணத்துக்காக வேலையை விட்டு விலகும் பெண்ணும் பெறலாம். இந்தக் கடைசி வழியால்தான் எமது பிள்ளைகளின் முதுமை கரைகிறது. எடுத்த காசு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது, வேலையும் போய்விடுகிறது.

தகப்பனார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "காசு கிடந்தால் கரையும், பவுண் கிடந்தால் ஏறும். 2022 இல் பாத்தனீங்கள்தானே?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ரூபா விழுந்தபோது பவுண் விலை ஏறியது. 9 வீத வட்டி அதற்குக் கிட்டவும் வரவில்லை. ஒரு பகுதியைப் பவுணாக வைத்திருப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பவுணுக்குத் தொழில் கொள்வோர் 12 வீதம் சேர்த்துத் தருவதில்லை. பவுண் களவு போகும், ஓட்டத்தில் தொலையும், அடகு கடையில் மூழ்கும். எம்முடைய பவுண் எங்கே போயிற்று என்று எமக்கே தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் பேசாமல் இருந்தார். அவர் மனம் மாறியது என்று சொல்ல எம்மால் முடியாது.

அரசின்மீது எமக்கு ஒரு குறையும் உண்டு. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, சேமலாப நிதியிடம் இருந்த முறிகளுக்குப் பதிலாக முதலில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளை எடுக்கும்படி கேட்கப்பட்டது. மறுத்தால் நிதியின் வரி 14 இலிருந்து 30 வீதமாகும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. முதல் வெட்டப்படவில்லை என்பது உண்மைதான். எனினும் வங்கிகளின் கையில் இருந்த முறிகள் தொடப்படாமல் விடப்பட, தையல் இயந்திரத்துக்கு முன்னால் குனிந்திருக்கும் பிள்ளைகளின் முதுமைக் காசிலிருந்து சுமை எடுக்கப்பட்டதை நாம் நியாயம் என்று ஏற்க மாட்டோம். கமக்காரர் ஓய்வூதியமும் விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். ஆண்டுக் கணக்கில் ஒரே தொகையாக நிற்கும் ஓய்வூதியம் ஆண்டுதோறும் குறைகிற ஓய்வூதியம்.

இன்னொரு எச்சரிக்கை. வங்கி வட்டி 2024 இல் மீண்டும் 10 வீதத்துக்குக் கீழே வந்தபோது, மாதம் 5 வீதம், 10 வீதம் தருவோம் என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வருபவர்களுக்குக் காது கொடுக்கும் ஆசை வந்தது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்குக் காப்புறுதி உண்டு. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை என 2021 இல் உயர்த்தப்பட்டது. வீட்டு வாசலில் வாங்கும் துண்டுக்கு அந்தக் காப்புறுதி இல்லை. கிராமத்துச் சிக்கனச் சங்கங்களில் போடும் காசும் இதற்குள் அடங்காது. அங்கே அங்கத்தவர்களாகிய நாமே பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கறிக்கையைக் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளை வேலையை விடவில்லை. கணக்குக் கூற்றைத் திரும்பப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவளது பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையிலிருந்து மாறியிருந்தது. இரண்டு மாதக் கட்டுப்பணமும் ஏறியிருக்கவில்லை. சம்பளத் துண்டில் அது கழிக்கப்பட்டிருந்தது. அவள் துண்டுகளை எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் உழைக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: அங்கத்தவர் இலக்கம் என்ன, பெயர் சரியா, பின்னுரித்தாளியாக யாரை எழுதியிருக்கிறார்கள், சம்பளத் துண்டுகள் எங்கே? அவற்றின் பிரதி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.