வாரக்கணக்கும் வீண்பழியும்



நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்று வரும் தாய்மாரின் மருத்துவச் சீட்டில், 'நார்க்கட்டி. கருப்பை 14 வார அளவு' என்றிருந்தால் வீட்டார் திகைப்பர். அவள் கைம்பெண்ணாயின் பழிச்சொல்லும் எழக்கூடும். அது கருவன்று. கட்டியால் பெருத்த கருப்பையைக் கையால் தொட்டறிந்து, கருவுற்ற கருப்பையோடு ஒப்பிட்டுக் கூறும் கணக்கே அது. 12 வார அளவெனில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலும், 20 வார அளவெனில் தொப்புளருகிலும் அது எட்டும்.

ஸ்கேனோ கட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் தருகிறது. மூன்றையும் பெருக்கி ஏறத்தாழப் பாதியாக்கினால் அதன் கன அளவு கிடைக்கும். 4 சென்டிமீட்டர் உருண்டை 5 ஆனால், கன அளவு ஏறக்குறைய இருமடங்காகும். ஆயினும் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு அளக்கும் முறையாலும் நேரலாம், அதற்காக அஞ்சற்க.

நார்க்கட்டி புற்றன்று, மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். அதன்பின்னும் வளர்ந்தாலோ, உதிரம் கண்டாலோ தாமதியாது மருத்துவரிடம் செல்க. அளவு மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. உதிரப்போக்கு, வலி, கட்டியிருக்கும் இடம் ஆகியவற்றையும் அவர் நோக்குவார்.

பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி வளர்ச்சி விளங்காது. நோயுற்றவளை ஐயுறுவதை விடுத்து, உடன் செல்வதே குடும்பத்தின் கடமை.