சூட்டில் மக்கர் செய்யும் வண்டி: பம்பை மாற்றும் முன் ஐந்து சோதனைகள்

கேள்வி: எங்களிடம் 2006-ஆம் வருட ஆம்னி வேன் இருக்கிறது. தினமும் பால் கேன் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போய் வருகிறேன். காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. வழியில் பால் ஏற்ற நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி, முக்கால் மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. போன வாரம் இரண்டு கேன் பால் திரிந்துவிட்டது. பேட்டரி மாற்றிப் பார்த்தும் பலனில்லை. இப்போது பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மகளுக்கு எட்டாவது மாதம். ராத்திரி நேரத்தில் இந்த வண்டியை நம்பலாமா?
- வாசகர், ஆலங்குளம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கோளாறு சரியாகும்வரை ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியை நம்ப வேண்டாம். 108 இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு வண்டிக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். பயிரில் இலை மஞ்சளானால் உடனே யூரியா போடுபவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைவாலும் மஞ்சளாகும், இரும்புச்சத்துக் குறைவாலும் ஆகும், வேரில் தண்ணீர் நின்றாலும் ஆகும். உங்கள் வண்டியும் அப்படித்தான். "சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது அறிகுறி மட்டுமே. அதற்குக் காரணங்கள் நாலைந்து உண்டு. என் பழைய காரிலும் இதே தொல்லை வந்தது. அவசரப்பட்டு பம்பை மாற்றினேன். கோளாறு ஒரு சிறிய சென்சாரில் இருந்தது. பம்புக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

ஓடும் வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் உடனே ஆறுவதில்லை. தண்ணீர் சுற்றுவது நின்றுவிடும், காற்றோட்டமும் நின்றுவிடும். அதனால் முதல் கால் மணி நேரம் இன்ஜினைச் சுற்றிச் சூடு ஏறவே செய்யும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் அடைபட்டு இருப்பதால் இந்தச் சூடு எளிதில் வெளியேறாது. நீங்கள் சாவியைத் திருப்புவது சரியாக அந்த நேரத்தில்தான்.

பெட்ரோலில் இலகுவான பகுதி 40 டிகிரி சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். பழைய கார்புரேட்டர் அம்பாசிடர்களில் டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தத்தில் நிற்கும். கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிட இது அதிகம். அழுத்தம் இருக்கும்வரை பெட்ரோல் எளிதில் கொதிக்காது. வண்டியை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனில், இதற்கென்றே அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் தனி டப்பா ஒன்று வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை வண்டி மக்கர் செய்யும்போது, ஆறவிடாமல் அப்போதே இவற்றைப் பாருங்கள்.

1. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? திணறிச் சுற்றினால் கோளாறு பெட்ரோலில் இல்லை. பேட்டரி முனை, எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை. ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. சாவியை ஆன் செய்து காது கொடுங்கள். டேங்க் பக்கம் இரண்டு விநாடி "உய்ங்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பம்பைக் குறை சொல்லும் முன் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால், செல்ஃப் அடிக்காமல் மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால், நிறுத்தியிருந்த நேரத்தில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. பம்புக்குள் உள்ள வால்வு, அழுத்தச் சீராக்கி, இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று கசிகிறது. எது என்பதை மெக்கானிக் பிரஷர் கேஜ் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

4. அப்படியும் எடுக்காவிட்டால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து விநாடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் இப்படி மிதித்தால் பெட்ரோல் வருவது நிற்கும். பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையுமாக எடுத்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகலாம். இல்லையென்றால், தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார் "இன்ஜின் குளிராக இருக்கிறது" என்று பொய் சொல்லலாம். இவ்வகை சென்சாரின் மின்தடை பொதுவாக 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

5. பம்ப் சத்தம் கேட்கிறது, பெட்ரோல் வாடை இல்லை, எதற்கும் அசையவில்லை என்றால் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இக்னிஷன் காயிலும், இன்ஜின் சுழற்சியைக் கணக்கெடுக்கும் சென்சாரும் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் குணம் உள்ளவை. பிளக் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். கம்ப்யூட்டர் கெடலாம், பெட்ரோல் ஆவியும் பற்றிக்கொள்ளலாம். டெஸ்டர் உள்ளவரிடம் விடுங்கள்.

ஈரத்துணி வைத்தியத்திலும் கவனம் வேண்டும். இன்ஜின் மேல் மொத்தமாகத் தண்ணீர் ஊற்றினால் பைப், காயில், சென்சார் எல்லாமே ஆறிவிடும். வண்டி எடுத்துவிடும், ஆனால் கோளாறு எதில் என்று தெரியாமலே போய்விடும்.

சூடாக இருக்கும்போது பெட்ரோல் பைப்பைக் கழற்றக் கூடாது, பீய்ச்சி அடித்துத் தீப்பிடிக்கும். ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. 20 வருடம் ஆன வண்டி என்பதால் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஐந்துக்கும் கிடைத்த பதிலை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆறிய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கும் எதுவும் தெரியாது, அனுமானத்தில்தான் பாகம் மாற்றுவார். சோதித்த பிறகும் பம்ப்தான் என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள், அந்தச் செலவு வீணாகாது.

எது கோளாறு என்று தெரிந்ததும் ஒரு கார்டு போடுங்கள். இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வாழ்த்துகள்.