நாய்க்குட்டியின் வாயில் வீணீர் வடிந்தால்...



வீட்டுக்கொரு நாய் என்பது எமது கிராமங்களில் பழைய வழக்கம். ஆண் துணையின்றிப் பிள்ளைகளுடன் வாழும் பெண்களுக்கு அந்த நாயே இரவுக் காவல். படலையடியில் அசுமாத்தம் கேட்டால் முதலில் குரைப்பதும், முற்றத்தில் பாம்பு வந்தால் காட்டித் தருவதும் அதுதான்.

நேற்றுவரை துள்ளி விளையாடிய ஐந்தாறு மாதக் குட்டி, இன்று திடீரென வாயிலிருந்து நூல்நூலாக வீணீர் வடிய நின்றால் என்ன செய்கிறோம்? எலும்பு சிக்கிவிட்டது என்று எண்ணி, வாயைத் திறந்து விரலை விடுகிறோம். செய்யக்கூடாத முதற் காரியம் இதுதான்.

வீணீர் வடியப் பல காரணங்கள் உண்டு. மூன்று மாதம் முதல் ஏழு மாதம் வரை குட்டிக்குப் பல் மாறும். அப்போது கண்டதையெல்லாம் கடிக்கும், வீணீரும் சற்று வடியும். தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். பல்லிடையே எலும்போ குச்சியோ சிக்கலாம். கிருமிநாசினி பட்டதைத் தின்றிருந்தால் வாந்தி, வயிற்றோட்டம், நடுக்கம் சேர்ந்து வரும். கடும் வெயிலும் ஒரு காரணம்.

இவற்றோடு விசர்நோயும் ஒரு காரணம். விசர் பிடித்த நாய் வெறியோடு ஓடிக் கடிக்கும் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஒருவகை விசரில் நாய் ஓடாது. கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாது, குரல் மாறும், இருட்டு மூலையில் படுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு எலும்பு சிக்கியது போலவே இருக்கும். நோய்க்கிருமி அந்த வீணீரில்தான் இருக்கிறது. கடிபட வேண்டியதில்லை, கையிலுள்ள சிறு கீறலிலோ, கண்ணிலோ, வாயிலோ பட்டாலே போதும்.

நான் சந்தித்த ஒரு தாயின் கணவர் காணாமற்போனவர். நாட்கூலி வேலை, மூன்று பிள்ளைகள். குட்டியின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் குட்டி செத்துவிட்டது. “கடிக்கேல்லைத்தானே மிஸ். ஊசிக்குப் போனால் அண்டைக்குக் கூலி இல்லை. பிள்ளையளை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் ஊசி இலவசம்தான். ஆனால் அங்கு போய்வரும் நாளுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை அவர் தனியே கொடுக்கவில்லை. மாதர் சங்கத்துப் பெண்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் எல்லாத் தவணைகளையும் போட்டு முடித்தார்.

மனிதரில் விசர்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வருடமும் தாண்டலாம். ஆகவே, ‘இரண்டு கிழமையாக ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். பிந்திவிட்டாலும் வைத்தியரிடம் போங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை:

• வீணீர் வடியும் குட்டியின் வாயில் கை வைக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி, குட்டியைத் தொடாமல் ஓர் அறையிலோ கூட்டிலோ அடைத்துவிட்டு, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

• வீணீர் பட்டாலோ கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வெறும் நீரால் நன்கு கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் பூசாதீர்கள்.

• அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த ஊசியைப் போடலாம்.

• கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதை 10 நாட்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்காக வைத்தியசாலைக்குப் போவதைப் பிற்போடக் கூடாது. நாய் செத்தால், புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

• நாய் நக்கியதையோ கீறியதையோ சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்தமுறை மறைத்துவிடும்.

1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 300க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். அத்தொகை இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றால், அதற்கு நாய்களுக்குப் போடும் தடுப்பூசி முக்கிய காரணம். குட்டிக்கு எப்போது முதல் ஊசி என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பின்னர் வருடந்தோறும் தவறாமல் போடுங்கள். அட்டையைக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். எம் வாசலைக் காக்கும் நாயை நாமும் காப்போம்.