வாசல் விரிசலுக்கு மாசியே நல்ல மாதம்

வாழப்பாடிப் பக்கம் கான்கிரீட் வாசல் என்பது கார் நிறுத்த மட்டுமல்ல. பாக்கும் மக்காச்சோளமும் காய்வது அங்கேதான். உர மூட்டையோடு வரும் டிராக்டர் திரும்புவதும், சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும், ராத்திரி தாத்தா கட்டில் போட்டுப் படுப்பதும் அங்கேதான். இவ்வளவு பாடுபடும் தளத்தை, அது உடைந்த பிறகுதான் பலரும் குனிந்து பார்க்கிறோம்.

குனிந்து பார்க்க ஏற்ற நேரம் மாசி. பருவமழை முடிந்து மண் காய்ந்திருக்கும். பங்குனி, சித்திரை வெயில் இன்னும் ஏறியிருக்காது. கோடை மழைக்கும் நாள் இருக்கிறது.

விரிசல் ஏன் வருகிறது?

கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மாசி விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம் தாராளமாக உண்டு. நீள இடமில்லாத தளம் சுவரில் முட்டும். சுருங்கும்போது இழுபட்டு வெடிக்கும்.

முடி போன்ற மெல்லிய கோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது விரிசல் வழியே இறங்கும் தண்ணீருக்கு. அது அடிமண்ணை அரிக்கும். மண் போன இடம் பொந்தாகும். அதன்மேல் பாரவண்டி ஏறும் நாளில் தளம் உடைந்து உட்காரும்.

மூன்று சோதனைகள்

ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு விரிசலுக்குள் நுழைகிறதா? நுழைந்தால் இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.

சுத்தியல் பிடியால் இரு பக்கமும் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொப்' என்று கேட்டால் அடியில் பொந்து இருக்கலாம்.

விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? தாழ்ந்திருந்தால் எந்த மருந்தும் உதவாது. அந்தத் துண்டை மட்டும் உடைத்து, மண் நிரப்பி, நனைத்து நன்றாக இடித்து, புதிதாகப் போடுவதே வழி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கால் தடுக்கி விழ அரை அங்குல மேடு போதும்.

அடைப்பது எப்படி?

"மேல ஒரு பூச்சு போட்டா சரியாப் போயிடும்ங்க" என்பார் கொத்தனார். போகாது. சிமென்ட் பூச்சுக்கு வளையத் தெரியாது. தளம் அசையும்போது அதுவும் அதே இடத்தில் வெடிக்கும். ரப்பர் போல நெகிழும் பாலியூரிதேன் அல்லது பாலிசல்பைடு சீலன்ட் கேட்டு வாங்குங்கள். விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, தூசியை ஊதி, ஈரம் காய்ந்த பிறகு வையுங்கள்.

இதற்கும் மாசிதான் பொருத்தம். உச்சி வெயில் காலத்தில் விரிசல் மூடிக்கொண்டிருக்கும். அப்போது அடைத்தால், மார்கழிக் குளிரில் அது வாய் திறக்கும்போது சீலன்ட் பிய்த்துக்கொள்ளும்.

அடைத்த கையோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். மொட்டைமாடிக் குழாய் தளத்தின் ஓரத்தில் கொட்டினால், அடிமண்ணை அரிப்பது அதுவே. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. அந்தக் குழாயைச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினால் வாசலும் தப்பும், நிலத்தடி நீருக்கும் வரவு.

கழுவும்போது கவனம்

மழைக்காலப் பாசிக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, சற்று ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆசிட் வேண்டாம், அது சிமென்ட்டைத் தின்று ஜல்லியை வெளியே காட்டிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வண்டி ஆயில் சிந்தினால் மரத்தூளோ சாம்பலோ தூவி உறிஞ்சவிட்டு, சோப்புத் தூளால் தேய்த்துவிடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு

கார் நிற்க 4 அங்குலக் கனம் போதும். லோடு லாரி வந்து போகும் வாசலென்றால் 6 அங்குலம் போடுங்கள். பத்தடிக்கு 2 அங்குலம் வாட்டம், வீட்டிலிருந்து தெருப்பக்கமாக இருக்கட்டும். 4 அங்குலத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழத்துக்கு, போட்ட 24 மணி நேரத்துக்குள் வெட்டச் சொல்லுங்கள். வர வேண்டிய விரிசல் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சுவரை ஒட்டும் இடத்தில் தெர்மாகோல் பட்டை வைத்தால் தளம் நீள இடம் கிடைக்கும்.

பிறகு நனைப்பது. ஐஎஸ் 456 விதிப்படி, வறண்ட வெயில் காலத்தில் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், பிபிசி போன்ற கலப்பு சிமென்ட்டுக்கு 14 நாள் ஈரம் காயக்கூடாது. மூட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்கும். காலை ஒரு குடம், மாலை ஒரு குடம் ஊற்றினால் நடுப்பகலில் தளம் காய்ந்துவிடும். சாக்கை விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள், அல்லது பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் தர முடியாத கோடையென்றால், வேலையை ஐப்பசிக்குத் தள்ளிப்போடுவதே லாபம்.

முதல் கோடை மழை பெய்து விட்டதும் சாக்கட்டியோடு வாசலில் இறங்குங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். கொத்தனார் வரும்போது அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.