கிம்பாப் விலை கூடிவிட்டதாம்!

2025 நவம்பரில் சில நாட்கள் சியோல் நகரில் தங்கியிருந்தேன். ஒரு மாலை, உடன் வந்திருந்த கொழும்புப் பத்திரிகை நண்பரும் நானும் சுரங்க ரயில் நிலையத்தின் வாசலருகே இருந்த ஒரு சிறு உணவுக்கடைக்குள் நுழைந்தோம். ஆறு மேசைகள். தண்ணீரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி ஓரத்தில் என் வயதையொத்த ஓர் அம்மையார் நின்றபடியே கிம்பாப் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மூங்கில் பாயின் மீது கறுத்த கடற்பாசித் தாள். அதன் மேல் நல்லெண்ணெயும் உப்பும் கலந்த சோறு, விரல் நுனிகளால் மெல்லிய படையாகப் பரப்பப்படுகிறது. பிறகு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், முட்டைப் பொரியல், வதக்கிய கரட், கீரை, இனிப்பும் உப்புமாகச் சமைத்த ஒருவகை வேர். ஒரே அழுத்தில் சுருட்டி, மேலே எண்ணெய் தடவி, எள்ளுத் தூவி, வட்டம் வட்டமாக வெட்டித் தட்டில் வைத்துவிட்டார். ஒரு சூப்புக் கிண்ணமும் கூடவே வந்தது. அதற்குத் தனிக் காசு இல்லை.

விலை 4,000 வொன்.

"என்ன ஐசே, சோத்தைச் சுருட்டித் தந்ததுக்கு இவ்வளவு காசோ?" என்றார் நண்பர். "அதோட இது சுசியின்ர நகல்தானே!"

நகல் விவகாரத்தை இங்கு நீட்டப்போவதில்லை. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்த நாட்டின் சமையலறையில் ஜப்பானியச் சாயலே இல்லை என்று சாதிக்கும் கொரியத் தேசியவாதியும் பிழை. வினாகிரி சேர்த்த சோற்றுக்கும் எள்ளெண்ணெய் சேர்த்த சோற்றுக்கும் வேறுபாடு தெரியாத நண்பரின் நாக்கும் பிழை. என்னைச் சினமூட்டியது அவருடைய முதல் வாக்கியமே.

ஏனெனில் அது அவருடைய வாக்கியம் அல்ல. கொரியப் பத்திரிகைகளே சில ஆண்டுகளாக இதைத்தான் எழுதி வருகின்றன. அந்நாட்டு நுகர்வோர் முகவரகம் சியோல் உணவகங்களின் விலைகளை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2022இல் ஒரு சுருள் கிம்பாப்பின் சராசரி விலை 3,000 வொன்னைத் தாண்டியபோது, ஏழையின் உணவு எட்டாக்கனியாகிவிட்டது என்று புலம்பல் எழுந்தது. 2024இல் கடற்பாசியின் விலை ஏறியபோது அது மேலும் உரத்தது.

இந்தப் புலம்பலின் அடியில் கிடப்பது 'ஆயிரம் வொன் கிம்பாப்' என்ற நினைவாகும். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைச் சாய்த்தது. சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் அந்நாடு கையேந்தி நின்றது. (அந்த வாசலின் வெயில் எப்படிச் சுடும் என்பதை 2022இல் நாமும் அறிந்துகொண்டோம்.) வேலையிழந்தோர் நிறைந்த அக்காலத்தில் ஆயிரம் வொன்னுக்கு ஒரு சுருள் விற்ற கடைகள் நாடெங்கும் பெருகின. பசித்தவர்களுக்கு அது அருமருந்து. மறுக்கவில்லை. ஆனால் ஒரு நெருக்கடிக் காலத்து விலையை நியாய விலையென்று யார் தீர்மானித்தது?

கணக்கைப் பார்ப்போம். 1998இன் தொடக்கத்தில் கொரியாவின் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 1,485 வொன். ஒரு மணிநேர உழைப்புக்கு ஒன்றரைச் சுருள் கிம்பாப். 2025இல் அக்கூலி 10,030 வொன். நண்பர் முகஞ்சுளித்த 4,000 வொன் விலையிலேயே இரண்டரைச் சுருள் கிடைக்கும். கூலியைக் கொண்டு அளந்தால் கிம்பாப்பின் விலை கூடவில்லை, குறைந்திருக்கிறது! காய்கறியும் வாடகையும் ஏறிய நாட்டில் இது எவ்வாறு சாத்தியமாயிற்று? கண்ணாடி ஓரத்தில் நிற்கும் அந்த அம்மையாரைக் கேட்க வேண்டும். இத்தகைய சிறு கடைகளில் பல, உரிமையாளரும் அவர் குடும்பத்தாருமே நின்று உழைப்பவை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறருக்காக உழைப்பவரையே காக்கும். தன் கடையில் தானே நிற்பவரை அது காப்பதில்லை.

கடலுக்குப் போவோம். கடற்பாசி அறுவடை குளிர்காலத்து வேலை. தென் சொல்லா மாகாணக் கரையோரங்களில், உறைய வைக்கும் காற்றில், படகில் நின்று வலைகளை இழுக்க வேண்டும். உள்ளூர் இளைஞர் நகரங்களுக்குப் போய்விட, அந்நாட்டின் கடற்றொழில் இன்று பெரிதும் வெளிநாட்டுத் தொழிலாளரை நம்பியிருக்கிறது. 2004இல் தொடங்கிய தொழில் அனுமதி முறையின் கீழ் முதலில் ஆட்களை அனுப்பிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கொரியப் பரீட்சை எழுதித் தொழிற்சாலைக்கும் கடலுக்கும் போன நம் நாட்டு இளைஞரின் கைகளும் இந்தக் கணக்கில் உண்டு.

2023இல் கொரியாவின் கடற்பாசி ஏற்றுமதி முதன்முறையாக ஒரு இலட்சம் கோடி வொன்னைத் தாண்டியது. அதே ஆண்டில் அமெரிக்கப் பல்பொருள் அங்காடி ஒன்றில் உறைய வைத்த கிம்பாப் 3.99 டொலருக்கு வந்து, சில வாரங்களில் தீர்ந்துபோனது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இதை வாசிக்கும் அன்பர்கள் கொரியக் கடைகளில் அதைவிடக் கூடுதலாகவே கொடுத்து வாங்கியிருப்பீர்கள். இயந்திரம் சுருட்டிப் பனிக்கட்டியான சோற்றுக்கு மனமுவந்து கொடுக்கிறோம். கண்ணெதிரே ஒரு பெண் சுருட்டித் தருவதற்கு மட்டும் "இவ்வளவோ?" என்கிறோம்.

2022இல் உலகெங்கும் ஓடிய 'எக்ஸ்ட்ரா ஓர்டினரி அட்டோர்னி வூ' தொடரின் நாயகி, உள்ளே இருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரிவதால் கிம்பாப்பை விரும்புகிறாள். அவளுடைய தந்தை கிம்பாப் கடைக்காரர். நாயகியை எல்லோரும் கொண்டாடினர். தந்தையின் வருமானத்தைப் பற்றி யார் எழுதினார்கள்?

நண்பரை மட்டும் குற்றஞ்சாட்ட எனக்கு அருகதை இல்லை. சோற்றுப் பார்சல் விலை கூடியதென்று எத்தனை தலைப்புகளை நான் எழுதியிருப்பேன்! கொழும்பில் சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கம் விலையை அறிவிக்கும், நுகர்வோர் குமுறுவர், இரண்டையும் போட்டுப் பக்கத்தை முடித்துவிடுவோம். விடிவதற்கு முன்னரே எழுந்து அந்தப் பார்சலைக் கட்டும் பெண்ணிடம், உனக்கு எவ்வளவு கிடைக்கிறது அம்மா என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. ஆசிரியர் பீடமும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

சியோலிலும் கேட்கவில்லை. எனக்குக் கொரிய மொழி தெரியாது என்பது வசதியான சாக்கு. நண்பர் பாதித் தட்டை மீதம் வைத்திருந்தார். அதை அறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று சைகை காட்டினார். அந்த அம்மையார் கையுறையைக் கழற்றாமலே வந்து, மீதியை அலுமினியத் தாளில் சுற்றி, சிறு உறையில் கொஞ்சம் மஞ்சள் முள்ளங்கியும் சேர்த்துக் கொடுத்தார். எவ்வளவு என்று நண்பர் பணப்பையைத் திறக்க, வேண்டாமென்று கையசைத்துவிட்டு, அடுத்த தாளை மூங்கில் பாயில் விரித்தார்.