திறமை இருந்தால் வேலை போகாதா?

"திறமை இருக்கிறவனுக்கு வேலை போகாது. போனாலும் ரெண்டே மாசத்துல இன்னொண்ணு கிடைச்சிடும்." கல்யாணப் பந்தியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் வாசகம் இது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேலை இழந்தவர் காதில் அது குற்றப்பத்திரிகையாக விழுகிறது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைப் பாருங்கள். 2006இல் உற்பத்தி தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் 50 கோடி கைபேசிகளைச் செய்து அனுப்பிய ஆலை அது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், பெண்கள் நிறைய. ஸ்மார்ட்போன் சந்தையில் நிறுவனம் பின்தங்கியது. 2013இல் வருமான வரித் தகராறு வெடித்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. இதில் எந்தக் கட்டத்தில் அசெம்பிளி லைனில் நின்ற பெண்ணின் திறமை குறைந்துபோனது? மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலும் இதே கதைதான். அமெரிக்காவுக்கே எகோஸ்போர்ட் கார்களைச் செய்து அனுப்பியவர்கள் அவர்கள். மூடப்போவதாக நிர்வாகம் 2021 செப்டம்பரில் அறிவித்தது; 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. இரண்டு முடிவுகளும் வேறு நாட்டு இயக்குநர் அறைகளில் எடுக்கப்பட்டவை.

சரி, திறமை இருந்தால் அடுத்த கம்பெனி எடுத்துக்கொள்ளாதா? ஒரு பெரிய ஆலை மூடும்போது, ஒரே தொழில் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே ஊரில் ஒரே மாதத்தில் வேலை தேடுகிறார்கள். அதே சுற்றுவட்டாரத்து ஆலைகள் ஆள் எடுப்பதோ பயிற்சியாளர்களாகவும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும்தான். விளம்பரத்தில் வயது வரம்பு போட்டிருப்பார்கள். முப்பத்தைந்து வயதில், பத்து வருட சர்வீஸோடு, வீட்டுக்கடன் தவணையோடு வருகிறவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. அனுபவம் கூடியதே அவருக்குத் தடையாகிறது.

"முயற்சி பத்தல, வீட்டிலேயே உக்காந்திருக்கான்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதற்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. வியன்னா அருகே மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த ஒரே ஜவுளி ஆலை மூடி, ஊரே வேலையிழந்தது. அங்கே போய்ப் பார்த்து, சமூக ஆய்வாளர்கள் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் சைசல் மூவரும் 1933இல் நூல் வெளியிட்டார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நம் வீட்டுப் பிள்ளை பத்து மணிவரை படுத்திருப்பதைச் சோம்பல் என்று தீர்ப்பெழுதும் முன் இதை நினைக்க வேண்டும். வேலை போனதன் விளைவை நாம் காரணமாக்குகிறோம்.

திறமை இருந்தால் வேலை போகாது என்ற இந்த நம்பிக்கை பணத்தையும் பறிக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஐடி கம்பெனியில் சின்ன அறைக்குள் கூப்பிடுவார்கள். ராஜினாமாக் கடிதம் முன்பே தட்டச்சு செய்யப்பட்டு மேசையில் இருக்கும். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்பார் மனிதவள அதிகாரி. தப்பு தன்மேல்தான் என்று நம்புகிறவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். தொழிலாளி என்ற சட்ட வரையறைக்குள் வந்து, ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். தானே விலகியதாக எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை கைவிட்டுப் போகும். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. இஎஸ்ஐ காப்பீடு உள்ளவர்களுக்கு, அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் 90 நாள்வரை சராசரி தினக்கூலியில் பாதி கிடைக்க வழியுண்டு. அதுவும் தானாக விலகியவருக்குக் கிடையாது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, "வெளியே சொல்லாதே, மானம் போகும்." காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை உருவாக்குவது இந்த அறிவுரைதான். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970களில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் அடிக்கடி பார்க்காத அறிமுகங்கள்தான். பழைய சக ஊழியர், கல்லூரி சீனியர், சப்ளையர் கம்பெனி சூப்பர்வைசர் போன்றவர்களுக்கு நாம் சொன்னால்தானே தெரியும்? மறைத்தால் அடைபடுவது வேலை வரும் வழி.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வேலை போயிருந்தால் "ஏன் போச்சு?" என்று கேட்காதீர்கள். "பயோடேட்டாவை அனுப்பு, எனக்குத் தெரிஞ்ச நாலு பேருக்கு அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அன்றைக்கே அனுப்பியும் விடுங்கள்.