சளி பிடித்த குரல்

சென்ற மாதம் ஸ்பீக்கர் வாங்க விரும்பிய நண்பர் ஒருவருக்குத் துணையாக மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் ஒவ்வொரு ஜோடியிலும் அதே திரைப்பாடலை ஒலிக்கவிட்டார். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பாடியவர் யார் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. “இதில் வார்ம்த் அதிகம் சார்” என்று அவர் காட்டிய ஜோடியில் எல்லாப் பாடகர்களுக்கும் ஒரே தொண்டை.

நம் இசை நடுப்பகுதியில் வாழ்வது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டாலும் 390-ஐ ஒட்டித்தான் நிற்கிறார். அதற்கு மேல் மூவாயிரம் வரை விரியும் துணைச்சுரங்களில்தான் இன்னார் குரல் என்னும் அடையாளம் இருக்கிறது. மத்திய அலை வானொலியில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் ஒலி பெரும்பாலும் வந்து சேராது. ஆயினும் மரப்பெட்டி ரேடியோவில் கேட்ட கச்சேரிகளை இன்றும் நினைத்து உருகுகிறோம். நடுப்பகுதி ஓரளவு பழுதின்றி வந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த உருக்கமே நம்மைத் தவறான பெட்டியிடம் கொண்டுபோய்விடுகிறது. கதகதப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. குரலில் இருப்பதைக் கெடுக்காமல் தருவது ஒன்று. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் வீங்கவிட்டு, மேலே கொஞ்சம் மழுக்கி, எதைப் போட்டாலும் வெல்லப்பாகு தடவித் தருவது இன்னொன்று. பின்னது பத்து நிமிடம் இனிக்கும். பிறகு எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதிக்கும் பக்கத்தில் ஒலிக்கும் மிருதங்கத்தின் தொப்பிக்கும் இடையே வரப்பு இல்லாமல் போகும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது அம்மா. சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் 1980களில் பதிவான ஒரு கேசட் இருக்கிறது. அப்பா தறியில் உட்கார்ந்தபடி யாரிடமோ பாவு நூல் கணக்குப் பேசுகிறார். பின்னால் நாடா ஓடி முட்டும் ஓசை. வேறெங்கும் அவர் குரல் எங்களிடம் இல்லை. முதலில் நான் வாங்கிவந்த ‘செழுமையான’ ஸ்பீக்கரில் அதை ஒலிக்கவிட்டேன். அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்ட அம்மா, “என்னடா, அவருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார். ஒரு வாரத்தில் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்கானது. சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். குண்டு போட்டால் அதிரவேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல. பேசுகிறவர் பேசுவதுபோல் கேட்கவேண்டும். மனிதப் பேச்சையே உரைகல்லாக வைத்துக்கொண்டார்கள். அதிலும் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு சிறு மேடு உண்டு. சின்னப் பெட்டியின் ஏழ்மையை மறைக்கும் சாமர்த்தியம் அது. உறுத்தாத அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அரை நூற்றாண்டாகியும் அதன் வழிவந்த பெட்டிகளைத் தேடி வாங்குகிறார்கள்.

அறையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நம் ஊர்களில் இப்போது சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை, வழவழக்கும் டைல்ஸ். இந்த அறையில் எந்தக் குரலும் கோவில் மண்டபத்தில் கூவியதுபோல் சிதறும். பணத்தை ஸ்பீக்கரில் கொட்டுமுன் தரையில் கனத்த ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் தடித்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். (நெசவாளர் ஊரில் துணிக்கா பஞ்சம்!) பெயர்தான் புத்தக அலமாரி ஸ்பீக்கர்; முதுகில் துளையுள்ளதை அலமாரிக்குள் திணித்தால் குரல் பானைக்குள்ளிருந்து வரும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள். அலமாரியில் புத்தகமே இருக்கட்டும். வரிசை ஒழுங்கற்ற புத்தகங்களும் எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும்.

அப்பாவின் கேசட்டை இப்போது கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டாவதாக வாங்கிய ஜோடியில் நாடா முட்டும் ஓசை மரத்தில் மரம் மோதுவதாகவே கேட்கிறது. அம்மா எதுவும் சொல்லவில்லை; முழுவதும் கேட்டுவிட்டு, அந்த நூல் கணக்கில் அப்பா செய்த பிழையைத் திருத்தினார்.

நண்பர் இன்னும் வாங்கவில்லை. தன் மகள் பேசுவதைச் செல்பேசியில் பதிவுசெய்துகொண்டு மறுபடி மதுரைக்குப் போகலாம் என்கிறார்.